முடிவு தொடங்கும் வரி

பேருந்து நிலையத்துக்கு எதிர்க்கடையில் விற்ற கைடில் எட்கர் ஆலன் போவின் கொலைகாரன் நாலே பக்கத்தில் அடங்கிவிட்டான். கதைச்சுருக்கம் ஒரு பக்கம், பாத்திரங்கள் அரைப் பக்கம், மிச்சமெல்லாம் பட்டியல்: சிம்பல், ஐரனி, ஃபோர்ஷேடோயிங், செட்டிங், பாயிண்ட் ஆஃப் வியூ. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வரி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் கல்லூரியில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் என்னைப் போலப் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர்கள். மூலக்கதையில் ஒரு வாக்கியத்தைத் தாண்டுவதற்குள் அகராதியை இரண்டு தரம் திறக்க வேண்டியிருந்தது. கைடுதான் கரை சேர்த்தது. அதைக் கேலி செய்கிற தகுதி எனக்குக் கிடையாது.

சிறுகதைத் தாளை நடத்த வந்த மேடமும் கைடைத் திட்டியதில்லை. “பரீட்சைக்கு அது போதும்ப்பா. பரீட்சை ஏப்ரல்லதான? இப்ப ஜூலைதான நடக்கு” என்பார். அவருடைய முறை வேறு. கதை எவ்வளவு நீளமானாலும் முதல் நாள் சத்தமாக வாசித்து முடித்துவிடுவார். மணி அடித்துவிட்டால் வாசலில் நிற்கும் அடுத்த வகுப்பு ஆசிரியரிடம் பத்து நிமிடம் கடன் வாங்குவார். பாதியில் நிறுத்தி நாளைக்குத் தொடர்வது என்ற பேச்சே இல்லை. சிறுகதை ஒரே இருப்பில் வாசித்து முடிக்கக் கூடியதாக, ஒற்றை விளைவை நோக்கியே ஒவ்வொரு சொல்லும் நகர்வதாக இருக்க வேண்டும் என்று போ 1842-ல் ஹாதர்ன் தொகுப்புக்கு எழுதிய மதிப்புரையில் சொல்லியிருக்கிறார் என்பதை இறுதியாண்டில்தான் படித்தேன். அதுவரை மேடத்துக்குப் பொறுமை இல்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் வந்ததும் அவர் கேட்பது ஒரே கேள்வி. “முடிவு எந்த வரியில தொடங்குது? பென்சிலால கோடு போடுங்க.”

முதலில் எங்களுக்கு இது விளையாட்டாக இருந்தது. போவின் அமோன்டிலாடோ கதையில்தான் ஆரம்பித்தோம். 1846 நவம்பரில் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து வந்துகொண்டிருந்த ‘கோடிஸ் லேடீஸ் புக்’ என்ற பெண்கள் மாத இதழில் வெளியான கதை. ஒரு மனிதனை உயிரோடு சுவருக்குள் வைத்துக் கட்டுகிற கதை, உடை மாதிரிகளுக்குப் பேர்போன பத்திரிகையில்! மான்ட்ரெசார் தன் நண்பன் ஃபார்ச்சுனாட்டோவை அரிய மது ஒன்றை ருசி பார்க்க வரும்படி திருவிழா இரவில் நிலவறைக்கு அழைத்துப் போகிறான். ஈரம் படிந்த சுவர், குடும்பத்து முன்னோர்களின் எலும்புக் குவியல், ஒரு மாடக்குழி, சங்கிலி. கோமாளி உடையும் மணி கட்டிய தொப்பியுமாக வந்தவன் உள்ளேயே நிற்க, கல் வரிசை ஒவ்வொன்றாக ஏறுகிறது.

பென்சில் பிடித்த முதல் ஆள் பின்பெஞ்சில் இருந்த கொத்தனார் வீட்டுப் பையன். நடுவழியில் மான்ட்ரெசார் தன் மேலங்கிக்குள்ளிருந்து ஒரு கொத்தனார் கரண்டியை எடுத்துக் காட்டுகிறான். ஃபார்ச்சுனாட்டோ ரகசியச் சங்கமான மேசன்களின் சைகை ஒன்றைச் செய்து, நீயும் எங்கள் ஆளா என்று கேட்டதற்கு அது பதில்; மேசன் என்றால் கொத்தனாரும்தான். அவன் அதைத் தமாஷாக எடுத்துக்கொள்கிறான். “மேடம், திருவிழாவுக்குப் போறவன் எதுக்கு மேடம் சட்டைக்குள்ள கொலுறு வச்சிருக்கான்?” என்றான் பையன். வகுப்பு சிரித்து முடித்து அமைதியானது. சரிதானே?

இன்னும் முன்னால் போக முடியுமா என்றார் மேடம். போனோம். இருமிக்கொண்டே வரும் ஃபார்ச்சுனாட்டோ, இருமல் என்னைக் கொன்றுவிடாது என்கிறான். மான்ட்ரெசார் அதை மனதார ஆமோதிக்கிறான். அதற்கும் முன்னால் வேலைக்காரர்கள் வருகிறார்கள். விடியும்வரை வரமாட்டேன், யாரும் வீட்டை விட்டு நகரக் கூடாது என்று மான்ட்ரெசார் உத்தரவிட்டிருக்கிறான். அப்படிச் சொன்னால் அவன் முதுகு மறைந்ததும் ஒருத்தர் பாக்கியில்லாமல் ஊர்சுற்றப் போய்விடுவார்கள் என்பது அவனுக்குத் தெரியும். இந்த வரியைக் கண்டுபிடித்தது நான். பதினோரு வரிசைக் கல்லைவிட இது என்னை அதிகம் பயமுறுத்தியது. கல் அடுக்குவதற்குக் கோபம் போதும். இதற்கு மனிதர்களை வருஷக்கணக்காகக் கவனித்திருக்க வேண்டும்.

ஆனால் கடைசியில் எல்லோருடைய கோடும் முதல் பத்தியிலேயே போய் நின்றது. ஃபார்ச்சுனாட்டோ தனக்கு ஆயிரம் தீங்குகள் செய்தான் என்று மான்ட்ரெசார் சொல்கிறான். என்ன தீங்கு என்று கதையில் எங்குமே இல்லை. தன் மனசை நன்றாக அறிந்த யாரோ ஒருவரிடம் இதையெல்லாம் சொல்கிறான். அது யார் என்பதும் இல்லை. சம்பவம் நடந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது என்பது கடைசியில்தான் வருகிறது. சாகப்போகிறவன் பாதிரியாரிடம் பாவமன்னிப்புக் கேட்கிறானா, பேரனிடம் பெருமை பேசுகிறானா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து கேன்டீன் வரை சண்டை போட்டோம். நான் பெருமைக் கட்சி. இன்றைக்கும் அதே கட்சிதான்.

அடுத்து வந்தது ஷர்லி ஜாக்சனின் ‘தி லாட்டரி’. நாங்கள் யாரும் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தின் பென்னிங்டன் பக்கம் குடியிருந்தவர். குழந்தையை வண்டியில் வைத்து, மளிகைச் சாமானோடு மேட்டில் தள்ளிக்கொண்டு வரும்போது தோன்றி, வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து எழுதிய கதை என்று அவரே சொல்லியிருக்கிறார். 1948 ஜூன் 26 தேதியிட்ட ‘நியூ யார்க்கர்’ இதழில் வந்தது. கதை நடப்பது ஜூன் 27. வாசகர் கையில் பத்திரிகை இருக்கும் அதே வாரம்! இந்தத் தேதிப் பொருத்தத்தை மேடம் சொன்னபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அதன் விறைப்பு எனக்கு உறைத்தது.

நல்ல வெயில், பூத்திருக்கும் செடிகள், பச்சைப் புல். முந்நூறு பேர் உள்ள கிராமம் காலை பத்து மணிக்குச் சதுக்கத்தில் கூடுகிறது. மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். பள்ளிக்கு லீவு விட்டிருக்கிறார்கள். பையன்கள் வழவழப்பான உருண்டைக் கற்களாகப் பார்த்துப் பொறுக்கிப் பையில் நிரப்புகிறார்கள், ஒரு மூலையில் குவித்துக் காவல் காக்கிறார்கள். ஆண்கள் மழையையும் டிராக்டரையும் வரியையும் பற்றிப் பேசுகிறார்கள். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்ததில் நாளை மறந்துவிட்டு, ஏப்ரனில் கையைத் துடைத்தபடி தாமதமாக ஓடி வருகிறாள் டெஸி ஹட்சின்சன். சீட்டு எடுக்கிறார்கள். முதலில் குடும்பத்துக்கு ஒன்று, பிறகு சீட்டு விழுந்த குடும்பத்துக்குள் தலைக்கு ஒன்று. கறுப்புப் புள்ளி டெஸிக்கு வருகிறது. ஊர் கல்லெடுக்கிறது.

மேடம் வாசித்து முடித்ததும் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது என்று எழுத ஆசைதான். உண்மையில் முன்வரிசையிலிருந்த ஒருத்தி, “அவ்வளவுதானா மேடம்? எதுக்கு அடிச்சாங்கன்னே சொல்லலையே” என்று எரிச்சலோடு கேட்டாள். மழைக்காகவா, விளைச்சலுக்காகவா, சாமிக்கா, சட்டத்துக்கா? சீட்டு நடந்தால் விளைச்சல் வரும் என்கிற மாதிரி ஒரு பழமொழியைக் கிழவர் வார்னர் முணுமுணுப்பதோடு சரி. 77-வது முறையாகச் சீட்டு எடுக்கும் ஆள் அவர். பக்கத்து ஊர்களில் இந்த வழக்கத்தை விட்டுவிட்டார்களாம் என்று யாரோ சொன்னதற்குப் பைத்தியக்காரப் பயல்கள் என்கிறார்.

மறுநாள் பென்சில் வேலை சுலபமாக முடியும் என்று நினைத்தோம். கற்கள் இரண்டாம் பத்தியிலேயே கண்முன் கிடக்கின்றனவே! மேடம் விடவில்லை. “கல்லு இருக்குறது உங்களுக்கு நேத்தே தெரியும். பெரியவங்க எங்க நிக்காங்க பாருங்க” என்றார். மூன்றாம் பத்தியில் ஆண்கள் கல் குவியலிலிருந்து தள்ளி நிற்கிறார்கள். அவர்களுடைய வேடிக்கைப் பேச்சு சத்தமில்லாமல் இருக்கிறது. சிரிப்பு புன்னகையோடு நின்றுவிடுகிறது. முந்தின நாள் இந்த வரியைக் கேட்டபோது கிராமத்து மனிதர்களின் அடக்கம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது அதே வரி, அதே சொற்கள், கழுத்தைப் பிடித்தது. அவர்களுக்குத் தெரியும். எல்லோருக்கும் எல்லாம் தெரியும். தெரியாதவன் நான் ஒருவன்தான்.

இருட்டான கதைகளை நான் இரண்டு தடவை வாசிக்கிற பழக்கம் அந்த வகுப்பில் வந்தது. முதல் தடவை என்ன நடக்குமோ என்று பயப்படுகிறோம், அது சீக்கிரம் தீர்ந்துபோகும். என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு மறுபடி முதல் வரிக்குப் போனால் வெயிலும் பூவும் வரிப் பேச்சும்தான் பயங்கரமாகத் தெரிகின்றன. கதைப்பின்னல், குறியீடு, முன்னறிகுறி என்று பரீட்சைக்குப் பிரித்துப் படிப்பதெல்லாம் இந்த இரண்டாம் வாசிப்புக்காக எழுத்தாளர் முன்கூட்டியே செய்துவைத்த ஏற்பாடுகள் என்றுதான் எனக்குப் படுகிறது. உத்தியைத் தெரிந்துகொண்டால் கதையின் சுவை கெட்டுவிடும் என்பவர்கள் உண்டு. மந்திரவாதக் காட்சிக்கு அது பொருந்தலாம். ஜாக்சனிடம் அந்தப் பேச்சு செல்லாது.

குறியீடு பற்றி ஒரு சண்டை வந்தது. சீட்டுப் பெட்டி கறுப்பு, எனவே சாவின் குறியீடு என்று கைடு சொன்னது. ஒருத்தன் எழுந்து அப்படியே ஒப்பித்தான். மேடம் தலையாட்டிவிட்டு, “சரி, அந்தப் பெட்டிய ஊர்க்காரங்க என்ன செய்யறாங்க?” என்றார். சொன்னோம். பெட்டி சிராய் பெயர்ந்து, சாயம் போய்க் கிடக்கிறது. புதுசு செய்யலாம் என்று நிலக்கரி வியாபாரம் பார்க்கும் சம்மர்ஸ் அவ்வப்போது சொல்கிறார், பேச்சு அப்படியே அமுங்கிவிடுகிறது. வருஷத்தின் மற்ற நாட்களில் அது யார் வீட்டுக் களஞ்சியத்திலோ, தபால் நிலையத்திலோ, மளிகைக் கடை அலமாரியிலோ கிடக்கும். சடங்கில் பாதி மறந்துபோய்விட்டது. முன்பு மரச்சில்லு போட்ட இடத்தில் இப்போது காகிதம். முதல் பெட்டி எப்போதோ தொலைந்தது. கல் மட்டும் மறக்கவில்லை. “கறுப்பா இருக்குறதுல ஒண்ணுமில்லப்பா. புதுசு பண்ணவும் மனசு வரல, தூக்கிப் போடவும் மனசு வரல பாருங்க, அத எழுதுங்க” என்றார் மேடம். பரீட்சையில் கறுப்பு என்றுதான் எழுதினேன், மதிப்பெண் வந்தது. ஆனால் ஒரு பொருளுக்கு எதிரே ஒரு அர்த்தத்தை ஒட்டுவதைக் குறியீடு என்று அதற்கப்புறம் நான் நம்பியதில்லை. அந்தப் பொருளை மனிதர்கள் எப்படிப் புழங்குகிறார்கள் என்று பார்த்தாலே போதும்.

வரலாறு எடுத்துப் படித்துக்கொண்டிருந்த என் அறைத்தோழன் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, “ஏலே, இது நம்ம குடவோலைல்லா?” என்றான். பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்கிறார்கள். ஜாக்சனின் கதையிலும் டெஸியின் குட்டிப் பையன் டேவி பெட்டிக்குள் கைவிடுகிறான், சிரித்துக்கொண்டே. ஒப்பீடு அவ்வளவு தூரம்தான் வரும். அங்கே வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்தார்கள். ஆனாலும் அவன் சொன்னது ஒன்றைத் துலக்கியது. சீட்டு எடுத்தால் யாரும் யாரையும் தேர்ந்தெடுத்ததாக ஆகாது. பாரபட்சம் இல்லை என்று ஊர் நிம்மதியாக இருக்கலாம். உத்திரமேரூரில் அது நல்லதுக்குப் பயன்பட்டது. டெஸியும் கடைசிவரை கத்துவது முறை தவறிவிட்டது, என் புருஷனுக்குச் சீட்டு எடுக்க நேரம் கொடுக்கவில்லை என்றுதான். கல்லெறிவது தப்பு என்று அவள் சொல்வதே இல்லை.

ஃபாக்னரின் ‘எ ரோஸ் ஃபார் எமிலி’ (1930) எங்களைப் பாடாய்ப் படுத்தியது. ஐந்து பகுதி, எமிலியின் சாவில் தொடங்கி வரிபாக்கி, நாற்றம், அப்பா, காதலன், விஷம் என்று காலம் முன்னும் பின்னும் தாவுகிறது. கரும்பலகையில் கோடு கிழித்துச் சம்பவங்களை வருஷவாரியாக அடுக்கச் சொன்னார் மேடம். மூன்று குழு மூன்று விதமாக அடுக்கியது. அடுக்கிப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. வீட்டிலிருந்து வந்த நாற்றமும், ராத்திரியோடு ராத்திரியாக நாலு ஆண்கள் போய்ச் சுண்ணாம்பு தூவிவிட்டு வந்ததும் இரண்டாம் பகுதியில் வருகிறது. அவள் ஆர்சனிக் வாங்குவது மூன்றாம் பகுதியில். விளைவை முதலில் காட்டி, இடையில் அப்பாவின் சாவையும் ஊர்வம்பையும் நிரப்பி, காரணத்தைப் பிறகு காட்டினால் நாம் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடுவதில்லை. நேராகச் சொல்லியிருந்தால் இது ஒரு போலீஸ் கேஸ். கதையைச் சொல்லும் ‘நாங்கள்’ என்கிற ஊருக்கு மாடியறை ஒன்றை உடைத்துத்தான் திறக்க வேண்டும் என்பது முன்பே தெரிந்திருக்கிறது. எமிலியை அடக்கம் செய்யும்வரை காத்திருக்கிறார்கள். என்ன நாகரிகம்!

ஜேக்கப்ஸின் ‘தி மங்கிஸ் பா’ (1902) எங்களுக்குப் பழகிய கதை மாதிரியே இருந்தது. மூன்று வரம் தரும் குரங்குப் பாதம். அதை இங்கிலாந்துக்குக் கொண்டுவருபவர் இந்தியாவில் இருபத்தொரு வருஷம் கழித்த ராணுவக்காரர், அதற்கு மந்திரம் போட்டவர் ஒரு பக்கிரி. பயத்தை இங்கிருந்து பார்சல் கட்டி வாங்கும் பழக்கம் அந்தக் காலத்து ஆங்கிலக் கதைகளில் நிறைய உண்டு, இதில் எனக்குப் பெரிய மரியாதை இல்லை. இருந்தாலும் செத்த மகனைத் திரும்பக் கேட்ட பிறகு கதவு தட்டப்படும் அந்தக் கடைசிப் பக்கத்தில் ஜேக்கப்ஸ் கெட்டிக்காரர். அம்மா தாழ்ப்பாளோடு போராடுகிறாள், அப்பா மூன்றாவது வரத்தைக் கேட்கிறார். என்ன கேட்டார் என்று எழுதவில்லை. வெளியே நின்றது என்னவென்றும் காட்டவில்லை.

மேடத்தின் கேள்வி பலிக்காமல் போனது ஒரே ஒரு தடவை. பாடத்தில் இல்லாத புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யை ஒருநாள் கையோடு எடுத்து வந்தார். ஆங்கில வகுப்பில் தமிழ்க்கதை என்றதும் எங்களுக்கு ஏக உற்சாகம். பென்சிலோடு உட்கார்ந்தோம், கோடு போட இடம் கிடைக்கவில்லை. பிச்சை கேட்டு வந்து வீட்டோடு வேலைக்குத் தங்கிவிட்ட அந்தப் பெண் பேய்தானா, கதை சொல்பவரின் மனப்பிராந்தியா என்று கதை எங்கேயும் தீர்த்துச் சொல்வதில்லை; முடிவே இல்லாதபோது அது எங்கே தொடங்கும்? கதை சொல்பவர் ஓர் எழுத்தாளர். சரடு விட்டுப் பிழைக்கிறவன் நான் என்று எடுத்த எடுப்பிலேயே ஒப்புக்கொள்கிறார். மான்ட்ரெசாரை நம்பக் கூடாது என்று நாங்கள் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இவர் நம்பாதே என்று சொல்லிவிட்டே நம்ப வைக்கிறார். போவைவிடத் திருநெல்வேலிக்காரர் ஒரு படி மேலே என்று வகுப்பே தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானத்தில் ஊர்ப்பாசம் கொஞ்சம் கலந்திருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

பிறகு ஒரு வார இதழில் துணையாசிரியரானேன். தபாலில் வந்து குவியும் கதைகளில் திகில் கதைகளை மட்டும் என் மேஜைக்குத் தள்ளிவிடுவார்கள். கோட்டான் அலறும், கரண்டு போகும், மழை கொட்டும், கடைசி வரியில் ஒரு பிணம் எழும். எழுதியவருக்கே முதல் பக்கம் எழுதும்போது பிணம் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்காது. திருப்பி அனுப்பும் கடிதத்தில், கடைசி வரியை எழுதிவிட்டு முதல் பத்தியைத் திருத்தி எழுதிப் பாருங்கள் என்று ஒரு வரி சேர்ப்பேன். சிலர் கோபித்துக்கொண்டு பதில் போட்டார்கள். ஒன்றிரண்டு பேர் திருத்தி அனுப்பினார்கள், அவற்றில் கோட்டான் இல்லை.

ஜாக்சன் தன் கதை பற்றி ஆற்றிய உரையை அந்த நாட்களில்தான் படித்தேன். அந்தக் கோடையில் அவருக்கு முந்நூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்தன. அன்பாகப் பேசியவை பதின்மூன்று, அதிலும் பெரும்பாலானவை நண்பர்கள் எழுதியவை. கதை பிடிக்கவில்லை என்று பெற்ற தாயே எழுதினார். திட்டியவர்களைப் பற்றி ஜாக்சன் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. இந்தச் சீட்டு எங்கே நடக்கிறது, நாங்கள் வந்து வேடிக்கை பார்க்கலாமா என்று கேட்டவர்கள்தான் அவரை உலுக்கியிருக்கிறார்கள்.

ஓய்வுபெற்றுச் சொந்த ஊரில் இருந்த மேடத்துக்கு அன்று இரவே போன் போட்டு இதைச் சொன்னேன். வெகுநேரம் சிரித்தார். “மேடம், டெஸி பாவம்னுதான் அப்ப நாம எல்லாரும் நெனச்சோம்” என்றேன்.

“நீங்க நெனச்சீங்க” என்றார். “குடும்பத்துக்குள்ள சீட்டு எடுக்கறதுக்கு முந்தி அவ என்ன கேக்கா, பாத்தீங்களா?”

அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து போன் பக்கத்தில் விரித்தேன். சீட்டு தன் வீட்டுக்கு விழுந்துவிட்டது என்று தெரிந்ததும் டெஸி கத்துகிறாள். டானும் ஏவாவும் இருக்கிறார்களே, அவர்களும் வந்து எடுக்கட்டும்! ஏவா அவளுடைய கல்யாணமான மகள். தலை கூடினால் தனக்கு விழும் வாய்ப்புக் குறையும். மகள்கள் புருஷன் வீட்டாரோடுதான் எடுப்பார்கள், அது உனக்கே தெரியுமே என்று சம்மர்ஸ் மென்மையாக ஞாபகப்படுத்துகிறார். பக்கம் முழுக்க என் பழைய பென்சில் கோடுகள். இந்த இடத்தில் மட்டும் இல்லை.

“இருக்கா?” என்றார் மேடம்.

“இருக்கு மேடம்.”

“சரி, அடுத்த பக்கத்துக்குப் போங்க. வெத்துச் சீட்டு வந்ததும் அவ மூத்த பிள்ளைங்க ரெண்டு பேரும் என்ன செய்யறாங்கன்னு வாசிங்க, கேக்கேன்.”

மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு வாசித்தேன். காகிதத்தைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டிச் சிரிக்கிறார்கள்.